ஆசிரியரைத் தக்கவைக்கும் மானியம்: கானாடுகாத்தானிலிருந்து ஒரு கணக்கு

பள்ளிக்கு ஆசிரியரை அனுப்புவது ஒரு செயல். அனுப்பிய ஆசிரியரை அங்கேயே நிலைத்திருக்கச் செய்வது வேறொரு செயல். முன்னதற்குத் தேர்வு வாரியமும் அரசாணையும் உண்டு. பின்னதற்குத் தேவைப்படுவது தொடர்ந்து, தடையின்றி, உரிய நாளில் வந்துசேரும் பணம். அப்பணம் எங்கிருந்து வருகிறது, யார் கையில் நிற்கிறது, நின்றால் எந்தக் குழந்தையின் வகுப்பறை காலியாகிறது என்பவற்றைத் தமிழ்நாட்டின் அனுபவத்திலிருந்து இங்கே தொகுத்துக் கூறுகிறோம். கானாடுகாத்தானிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது.

செட்டிநாட்டின் பெருமாளிகைகளுக்குப் பெயர்பெற்ற இப்பேரூர், கல்விக்கொடையின் வரலாற்றிலும் இடம்பெற்றது. இங்கே 1881 இல் பிறந்த அண்ணாமலைச் செட்டியார் 1920 இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். 1929 இல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அருகிலுள்ள கோட்டையூரைச் சேர்ந்த அழகப்பச் செட்டியார் 1947 இல் காரைக்குடியில் கல்லூரி கண்டார். கட்டடமும் நிலமும் ஒருவர் கொடுத்துவிடலாம். ஆனால் சம்பளம் மாதந்தோறும் தேவைப்படும் செலவு. அதைத் தலைமுறை தலைமுறையாகத் தனியார் கொடை ஒன்று மட்டும் தாங்கியதாக நாம் அறிந்த சான்று இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகமே நிதி நெருக்கடியில் சிக்கி, 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அரசின் நேரடிக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அங்கே உபரியாகக் கருதப்பட்ட ஆசிரியர்கள் அரசுக் கல்லூரிகளுக்குப் பணிநிரவல் செய்யப்பட்டனர். வள்ளல்தன்மையைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. ஆசிரியரின் சம்பளம் இறுதியில் பொதுப்பணத்தின் பொறுப்பாகவே வந்து நிற்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இவ்வட்டாரத்தில் இல்லை.

இதே மண்ணுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. இன்றைய சிவகங்கை மாவட்டம் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதி. 1930 டிசம்பரிலும் 1931 ஜூனிலும் இம்மாவட்டத்தில் ஆதிதிராவிடர்மீது ஆதிக்கச் சாதியினர் விதித்த தடைகளை, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் பதிவுசெய்துள்ளார். சட்டை, குடை, செருப்பு, நகை ஆகியவற்றுக்கு முதலில் தடை வந்தது. இரண்டாவது பட்டியலில் குழந்தைகள் எழுத்தறிவு பெறக்கூடாது, மிராசுதாரின் மாடுகளை மட்டுமே மேய்க்கவேண்டும் என்பனவும் சேர்ந்தன. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. மீனாட்சி கல்லூரி தொடங்கிப் பத்தாண்டுகள் கடந்த பின்னர், அதன் நிறுவனரின் சொந்த மாவட்டத்தில் நடந்தது இது. சேரிப்பள்ளிக்கு ஒரு ஆசிரியர் வந்தார், ஆறு மாதத்தில் போய்விட்டார் என்னும் செய்தியை இந்தப் பின்னணி இல்லாமல் வெறும் நிர்வாகக் குறைபாடாகப் படிக்க நம்மால் இயலவில்லை.

மானியம் என்னும் கருவி

இந்தியாவில் பள்ளிகளுக்கு அரசு உதவி மானியம் வழங்கும் முறை 1854 ஆம் ஆண்டின் உட்ஸ் கல்வி அறிக்கையிலிருந்து தொடங்குகிறது. சென்னை மாகாணத்தில் அது நீண்டகாலம் தேர்ச்சியின்படி மானியம் என்ற வடிவில் செயல்பட்டது. ஆய்வாளர் வருவார், மாணவரைத் தேர்வு செய்வார், தேறியவர் எண்ணிக்கைக்கேற்பப் பணம் வரும். வருகை சீராக இல்லாத, அறுவடைக்காலத்தில் காலியாகிவிடும் பஞ்சமர் பள்ளிகளில் இம்முறை ஆசிரியரின் வயிற்றில் அடித்தது. பிள்ளை வயலுக்குப் போனால் வாத்தியாரின் ஊதியம் குறையும். தாமே வறுமையில் இருந்த ஆசிரியர் எத்தனை பருவம் தாக்குப்பிடிப்பார்?

இக்குறையை ஓரளவு உணர்ந்து வெளிவந்ததுதான் 1893 பிப்ரவரி 1 ஆம் நாளிட்ட 68 ஆம் எண் கல்வித்துறை அரசாணை. பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்று பின்னாளில் அழைக்கப்பட்ட இவ்வாணை, அப்பள்ளிகளுக்குச் சிறப்பு மானியம், ஆசிரியப் பயிற்சிபெறும் பஞ்சம மாணவர்க்கு உதவித்தொகை, பள்ளிக்கட்டடத்துக்குப் புறம்போக்கு நிலம் ஆகியவற்றுக்கு வழிசெய்தது. தலித் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தலித் சமூகத்திலிருந்தே ஆசிரியரை உருவாக்கினால் அவர் நிலைத்திருப்பார் என்ற எண்ணம் அதில் இருந்தது. 130 ஆண்டுகளுக்கு முன் ஒரு குடியேற்ற அரசுக்குத் தோன்றிய இவ்வெண்ணம், பின்வந்த கொள்கை ஆவணங்கள் பலவற்றில் காணக்கிடைக்கவில்லை.

1920 ஆம் ஆண்டையொட்டித் தொழிலாளர் ஆணையர் என்ற பதவி ஏற்படுத்தப்பட்டு, அத்துறையின்கீழ்த் தனிப்பள்ளிகள் திறக்கப்பட்டன. பொதுப்பள்ளிகள் ஆதிதிராவிடக் குழந்தைகளைச் சேர்க்க மறுத்ததே அதற்குக் காரணம். அவற்றின் வழிவந்தவையே இன்றைய ஆதிதிராவிடர் நலப்பள்ளிகள். இன்று தமிழ்நாட்டில் இவை 1,138: தொடக்கப்பள்ளி 833, நடுநிலை 99, உயர்நிலை 108, மேல்நிலை 98.

ஒன்றிய நிதி நின்றபோது

இன்று ஆசிரியர் தொடர்பான மானியங்களில் முதன்மையானது சமக்ர சிக்ஷா. அனைவருக்கும் கல்வி இயக்கம், இடைநிலைக் கல்வித் திட்டம், ஆசிரியர் கல்வித் திட்டம் ஆகிய மூன்றையும் இணைத்து 2018 இல் உருவானது. ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநிலம் 40 விழுக்காடும் தரவேண்டும். பள்ளிகள் நேரடியாகப் பெறும் ஆண்டு மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து 10,000 ரூபாய் முதல் 1 லட்சம் ரூபாய் வரை அமைகிறது. சுண்ணக்கட்டி, மின்கட்டணம், கழிப்பறைத் தூய்மை ஆகியவற்றோடு அது தீர்ந்துவிடும். ஆசிரியரைத் தாங்குவது இத்திட்டத்தின் சம்பளப் பகுதி: வட்டார வளமையப் பயிற்றுநர்கள், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்கள், பகுதிநேர ஆசிரியர்கள் ஆகியோர் இதனைச் சார்ந்திருக்கின்றனர்.

2024–25 ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டின் திட்ட மதிப்பு 3,586 கோடி ரூபாய். அதில் ஒன்றியத்தின் பங்கு 2,152 கோடி. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திட்டுத் தேசியக் கல்விக் கொள்கை 2020 ஐ ஏற்கவேண்டும் என்ற நிபந்தனையை மாநிலம் ஏற்கவில்லை. முதல் தவணையான 573 கோடியே வரவில்லை. 2025 மே மாதம் வட்டியுடன் 2,291 கோடி ரூபாய் கேட்டுத் தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தை நாடியது. மாநிலத்தின் கல்விக்கொள்கையை வளைப்பதற்கு ஆசிரியரின் சம்பளத்தைப் பிணையாக வைப்பது கூட்டாட்சிக்கு எதிரானது. இதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒன்றியத்தைக் குற்றஞ்சாட்டிவிட்டு மாநிலத்தின் கணக்கைப் பாராமல் விடுவது நம் வழக்கமன்று.

பகுதிநேர ஆசிரியர்களை எடுத்துக்கொள்வோம். 2012 இல் 16,549 பேர் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி, கணினி முதலியவற்றுக்கு நியமிக்கப்பட்டனர். வாரத்தில் மூன்று அரைநாள் பணிக்கு மாதம் 5,000 ரூபாய். படிப்படியாக உயர்ந்து 2024 இல் 12,500 ஆனது. மே மாதத்துக்கு நெடுங்காலம் ஊதியமே கிடையாது. பதவியில் எஞ்சியிருப்போர் ஏறத்தாழ 12,000 பேர். அதாவது நால்வரில் ஒருவர் விலகிவிட்டார் அல்லது இறந்துவிட்டார். பணிநிரந்தரம் என்னும் வாக்குறுதி தேர்தல்தோறும் எழுந்து அடங்குகிறது.

2022 ஜூனில் நடந்தது இதைவிடக் கவனத்துக்குரியது. 13,331 காலிப்பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியே தற்காலிகமாக நிரப்ப அரசு ஆணையிட்டது. இடைநிலை ஆசிரியர் 4,989 பேருக்கு 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியர் 5,154 பேருக்கு 10,000, முதுகலை ஆசிரியர் 3,188 பேருக்கு 12,000 என்பன அறிவிக்கப்பட்ட மாத ஊதியங்கள். இடைநிலை ஆசிரியரின் தொகையை முப்பது நாளுக்கு வகுத்தால் 250 ரூபாய். அவ்வாண்டு தமிழ்நாட்டில் நூறுநாள் வேலையின் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 281. கூலி உயர்ந்தது என்பது நல்லதே. ஆசிரியரின் மதிப்பு எங்கே வைக்கப்பட்டது என்பதே கேள்வி. பின்னர் ஊதியம் உயர்த்தப்பட்டது. இருந்தும், கல்வியாண்டு முடிந்தால் பணியும் முடிந்துவிடும் ஒருவரை எந்த மானியத்தாலும் தக்கவைக்க இயலாது. அவரைத் தக்கவைக்கும் எண்ணமே அந்நியமனத்தில் இல்லை.

இடமும் வீடும்

நிரந்தரப் பணியில் உள்ளோர் சேரிப்பள்ளிகளை விட்டு நகர்வது ஏன்? பொது மாறுதல் கலந்தாய்வில் பணிமூப்பு முன்னுரிமை பெறுகிறது. மூத்தவர்கள் நகரத்தையும் பேருந்துச் சாலையையும் தேர்ந்தெடுக்க, எஞ்சும் இடங்கள் புதியவர்க்கு வாய்க்கின்றன. வட மாவட்டங்களில் முதல் நியமனம் பெற்றுத் தென் மாவட்டங்களுக்கு மாறுதல் வேண்டிக் காத்திருப்போர் ஏராளம் என்பது கல்வித்துறையில் அனைவரும் அறிந்தது. எனவே சிவகங்கை போன்ற மாவட்டங்களில் மொத்த எண்ணிக்கையைக் காட்டிலும், மாவட்டத்துக்குள் எந்தப் பள்ளிக்கு யார் போகிறார் என்பதையே பார்க்கவேண்டும்.

ஊதியக் கட்டமைப்பும் இந்நகர்வுக்குத் துணைநிற்கிறது. வீட்டு வாடகைப்படி ஊரின் தரத்தைப் பொறுத்தது. பெருநகரில் அதிகம், சிற்றூரில் குறைவு. மலைப்பகுதிகளில் பணியாற்றுவோர்க்குத் தனிப்படி உண்டு. கடினமான இடத்துக்கு ஈடுசெய்யவேண்டும் என்ற கொள்கையை அரசு ஏற்கெனவே ஏற்றுள்ளது என்பதற்கு அதுவே சான்று. சமவெளியில் சாதியால் ஒதுக்கப்பட்ட குடியிருப்பின் பள்ளிக்கு அக்கொள்கை நீளவில்லை.

வாடகைப்படி கூடினால் மட்டும் போதுமா? ஊர்ப்பகுதியில் தலித் ஆசிரியருக்கு வீடு கிடைப்பது அரிது. சாதியைக் கேட்டறிந்த பின் ‘உறவினர் வருகிறார்கள்’ என்று மறுக்கும் பண்பட்ட முறைகள் நம் ஊர்களில் உண்டு. (ஆளில்லாமல் பூட்டிக்கிடக்கும் மாளிகைகளுக்குப் பெயர்போன வட்டாரத்தில் இதை எழுதும்போது சிரிப்பதா என்று தெரியவில்லை.) பிற சாதி ஆசிரியரோ சேரியில் குடியிருப்பதை நினைத்தும் பார்ப்பதில்லை. இருவரும் நகரத்திலிருந்து பேருந்தில் வந்துபோகிறார்கள். மாலைப் பேருந்தின் நேரமே பள்ளியின் கடைசி மணியாகிவிடுகிறது. ஆதலால் ஆசிரியர் குடியிருப்பு கட்டுவது சலுகையாகத் தோன்றினாலும், நடைமுறையில் அது சாதி ஒழிப்புச் செலவு.

பணத்தை மட்டும் கொடுத்துப் பார்த்த நாடுகளும் உண்டு. அமெரிக்கக் கல்வித்துறை ஒரு சோதனைத் திட்டத்தில், திறன்மிக்க ஆசிரியர்கள் தேர்ச்சி குறைந்த பள்ளிகளுக்கு மாறினால் இரண்டாண்டுகளில் 20,000 டாலர் தந்தது. பணம் வந்த காலத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்கினர். தொடக்கப்பள்ளிகளில் மாணவரின் மதிப்பெண்ணும் உயர்ந்தது. பணம் நின்ற பின்னர் அவர்களுக்கும் மற்றவர்க்கும் நிலைத்திருப்பதில் வேறுபாடு காணப்படவில்லை. இங்கிலாந்தில் பின்தங்கிய பகுதிப் பள்ளிகளில் கணிதம், இயற்பியல் முதலிய பாடங்களின் இளம் ஆசிரியர்க்குத் தக்கவைப்பு ஊக்கத்தொகை ஆண்டுதோறும் வழங்கப்படுகிறது. ஊக்கத்தொகை வேலைசெய்கிறது, ஆனால் அது தொடர்செலவாக இருக்கும்வரை மட்டுமே. ஈராண்டுத் திட்டமாக அறிவித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் அரசுகள் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

நலப்பள்ளிகளின் தனிச்சிக்கல்

ஆதிதிராவிடர் நலப்பள்ளிகளை மேற்பார்வையிடுவோர் பெரும்பாலும் வருவாய்த்துறையிலிருந்து வரும் அலுவலர்கள். நிலப்பட்டாவும் விடுதி அரிசியும் பார்க்கும் அதே மேசையில் பாடத்திட்டமும் வந்து சேர்கிறது. துறை சிறியது, பதவி உயர்வும் மாறுதல் வாய்ப்பும் குறைவு. இச்சிக்கலுக்குத் தீர்வாக, பல துறைகளின்கீழ் உள்ள பள்ளிகள் யாவும் பள்ளிக்கல்வித் துறையுடன் இணைக்கப்படும் என்று 2023–24 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. தலித் அமைப்புகள் பலவும் எதிர்த்தன. பள்ளிகளின் நிலமும் சொத்தும் பட்டியலின மக்களின் பொருட்டு ஒதுக்கப்பட்டவை. இணைப்புக்குப் பின் மாணவர் குறைவைக் காட்டி மூடினால் யாரிடம் கேட்பது என்ற அச்சம் நியாயமானது. இணைப்பை ஆதரிக்கும் ஆசிரியர்களின் மனக்குறையும் பொய்யன்று. துறையைத் தனியே வைத்துக்கொண்டே, கல்வி அலுவலரின் மேற்பார்வையையும் பொதுவான பதவி உயர்வையும் அளிப்பது இயலும் என்றே நாம் கருதுகிறோம்.

இதற்கான பணத்துக்கு வழி இல்லாமல் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியலினத்தவர் 20 விழுக்காடு. அவ்வளவு பங்கைத் திட்டச்செலவில் ஒதுக்கும் துணைத்திட்டத்துக்கு, 2024 இல் நிறைவேறிய மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் சட்டவலு தந்தது. பொதுச்செலவின் ஒரு பகுதியைப் பட்டியலினத்தவர்க்கானதென்று ஏட்டில் காட்டும் பழைய வழக்கத்துக்கு மாறாக, நலப்பள்ளிகளில் பணியிட ஊக்கப்படி, ஆசிரியர் குடியிருப்பு என்று பெயர்சொல்லி ஒதுக்க இச்சட்டத்தைப் பயன்படுத்தலாம்.

2025 செப்டம்பர் 1 அன்று வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு இன்னொரு நெருக்கடியைச் சேர்த்துள்ளது. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் தகுதித்தேர்வில் வெல்லவேண்டும் என்கிறது அது. பணியிடைப் பயிற்சிக்கான நிதியே நின்றுபோன மாநிலத்தில் இச்சுமை யார்மீது கூடுதலாக விழும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

களத்தில் இருப்போர்க்குப் பயன்படும் சட்டப்பிரிவுகள் சில உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 2009 இன் 26 ஆம் பிரிவு, அரசுப்பள்ளி ஒன்றில் காலிப்பணியிடம் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. பத்து ஆசிரியருக்குக் குறைந்த பள்ளியில், ஓரிடம் காலியானாலே இவ்வரம்பு மீறப்படுகிறது. 27 ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர்ந்த பிறபணிகளுக்கு ஆசிரியரை ஈடுபடுத்துவதைத் தடுக்கிறது. 21 ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும், அவர்களுள் ஒடுக்கப்பட்ட பிரிவினர் விகிதாசாரப்படியும் இருக்க வகைசெய்கிறது. தகவல் உரிமை மனுவில் மாவட்ட மொத்தத்தைக் கேட்டால் சராசரி எண் ஒன்று பதிலாக வரும். அதில் சேரிப்பள்ளியின் காலியிடம் நகரப்பள்ளியின் உபரியால் மறைந்துவிடும். பள்ளியின் பெயரைக் குறிப்பிட்டு, அனுமதிக்கப்பட்ட பணியிடம், நிரப்பப்பட்டது, கடந்த ஐந்தாண்டில் ஒவ்வொரு ஆசிரியரும் அங்கே பணியாற்றிய மாதங்கள், மாற்றுப்பணியில் வெளியே அனுப்பப்பட்டோர் என நான்கையும் தனித்தனியே கேட்கவேண்டும்.