தோட்டம் துண்டானபோது

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891-ல் புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. பின்னர் ரப்பர் வந்தது. ரப்பரைத் தொடர்ந்து கங்காணிகள் அழைத்துவந்த தமிழர் வந்தனர். நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லாபு, பகாவ் முதலிய வட்டாரங்களில், ஒரே லயத்தில் பிறந்து, ஒரே பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, இரண்டு மூன்று தலைமுறை கண்ட குடும்பங்கள் பல. அவர்களுக்குத் தோட்டம் வேலைத்தலம் மட்டுமன்று. வீடும், ஆயக்கொட்டகையும், பள்ளியும், கோயிலும் அதற்குள் அடங்கும். வேலை போனால் இவ்வளவும் போகும் என்பதை 1950-களில்தான் அவர்கள் நேரில் கண்டனர்.

அதற்குக் காரணம் தோட்டத் துண்டாடல். கொரியப் போரால் 1950, 1951-ல் ரப்பர் விலை ஏறிற்று. மறுபுறம் அவசரகாலக் கலவரம். சுதந்திரம் வந்தால் என்னாகுமோ என்ற ஐயம். மறுநடவுக்குக் காத்து நிற்கும் கிழட்டு மரங்கள். விலை கிடைத்தபோதே விற்றுவிடுவது மேல் என ஐரோப்பிய முதலாளிகள் பலர் முடிவு செய்தனர். வாங்கியோர் தோட்டத்தை நடத்த வாங்கவில்லை. பல துண்டுகளாக அறுத்து இலாபத்துக்கு விற்றனர். நூறு ஏக்கருக்குக் குறைந்த நிலம் தோட்டமாக அன்றிச் சிறுதோட்டமாகவே கணக்கிடப்பட்டது. ஆகவே பழைய முதலாளி அளித்த வீட்டு வசதியையும் மருத்துவ வசதியையும் புதியவரிடம் எதிர்பார்க்க வழியில்லை. வேலை கிடைத்தவர்களுக்கும் பெரும்பாலும் பங்கு வெட்டுத்தான். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து உங்கு அஸிஸ் விரிவான அறிக்கை ஒன்றைத் தந்தார். நெகிரி செம்பிலானும் இதற்கு விலக்காக இருக்கவில்லை.

வேலை இழந்தவன் சொந்தத் தொழில் தொடங்கலாமே என்று பட்டணத்தில் இருப்பவர் எளிதாகக் கூறிவிடலாம். தோட்டத் தமிழன் தொழில் அறியாதவன் அல்லன். விடியலில் மரம் வெட்டியவன் மாலையில் மாடு கறந்தான், ஆடு வளர்த்தான், கொல்லையில் கீரையும் பயற்றங்காயும் போட்டான். ஆனால் மாடு மேய்ந்தது தோட்டத்துப் புல்லில். பால் வாங்கியவர்கள் அடுத்த வீட்டுக்காரர்கள். தோட்டம் துண்டானவுடன் கூலி நின்றது, மேய்ச்சல் நின்றது, வாடிக்கைக்காரரும் கலைந்தனர். கைத்தொழிலாக வைத்திருந்ததும் முதல் தொழிலோடு அதே வாரத்தில் போயிற்று. இதை உணராமல் தோட்டத் தமிழனுக்கு முயற்சி போதாது என்று பேசுவது நியாயமாகாது.

ஆகவே மாட்டையும் கடையையும்விட நிலமே முதலில் வேண்டியிருந்தது. தனி ஒருவன் அதை வாங்க முடியாது. பல்லாயிரம் பேர் சேர்ந்தால் முடியும் என்றவர் வீ. தி. சம்பந்தன். சுங்கை சிப்புட்டில் பிறந்து, 1955-ல் மலாயா இந்தியர் காங்கிரஸின் தலைவரானவர், அப்போது அமைச்சர். அவர் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-ல் அமைத்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி போடுங்கள் என்று தொழிலாளரைக் கேட்டார். தினக்கூலிக்காரனுக்குப் பத்து வெள்ளி சிறு தொகையன்று. அரசியல்வாதியின் கையில் பணம் கொடுக்கத் தயங்கியவர்களும் இருந்திருப்பார்கள், தயங்கியது குற்றமுமன்று.

முதல் தோட்டம் நெகிரி செம்பிலானில் அன்று, வடக்கே கெடா மாநிலத்தில் வாங்கப்பட்டது. புக்கிட் சிடிம் என்ற அத்தோட்டம் 1961-ல் சங்கத்தின் உடைமையாயிற்று. அடுத்தடுத்து வேறு தோட்டங்களும் சேர்ந்தன. 1979-ல் மறையும்வரை சம்பந்தனின் பெருங்கவலை இச்சங்கமே எனலாம். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லவேண்டும். பங்கு வாங்கிய தொழிலாளி மறுநாள் முதலாளி ஆகிவிடவில்லை. பங்குப் பத்திரம் பெட்டியில் இருக்க, அவன் முன்போலவே பால்வாளியுடன் இருட்டில் புறப்பட்டான். ஆயினும் தோட்டம் துண்டாகவில்லை, வீடு நின்றது, பள்ளிக்கூட மணி அடித்தது.

தனித்தனியே நிலமும் தொழிலும் தரும் முயற்சி பின்னர் நெகிரி செம்பிலானிலேயே நடந்தது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய காட்கோ நிறுவனம், 1970-களின் பிற்பகுதியில் பகாவ் பக்கம் காட்டு நிலத்தில் குடியேற்றத் திட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டது. பகாவ் மண்ணுக்கு இது புதிதல்ல. ஜப்பானியர் காலத்தில், 1943-ல், சிங்கப்பூரிலிருந்து வந்து குடியேறியவர்களை அங்கே மலேரியா வாட்டி எடுத்தது. காட்கோவை நம்பி வந்த தோட்டத்துக் குடும்பங்கள் கரும்பு நட்டன. கூலி வாங்கிய கை இனிச் சொந்த விளைச்சலை விற்கும் என்பது எண்ணம். கரும்பு கைகொடுக்கவில்லை. பிறகு ரப்பரே நடப்பட்டது. விட்டுவந்த மரமே மறுபடியும் வாசலில் நின்றது.

நிலம் குடியேறியவர் பெயரில் இல்லை. நிறுவனத்தின் பெயரில் இருந்தது. நிறுவனம் கடனில் நொடித்தபின் நிலம் கைமாறியது. காடு வெட்டித் திருத்தியது நாங்கள் என்றனர் குடியேறியவர்கள். விலை கொடுத்தது நாங்கள் என்றனர் வாங்கியவர்கள். அவ்வழக்கு 2010-களிலும் ஓயவில்லை.