வெண்மணித் தீயும் வெள்ளித்திரையும்

அண்ணாமலை உச்சியில் கார்த்திகைத் தீபம் ஒளிர்ந்து அடங்கி, மார்கழி பிறந்தபின் தமிழகம் நினைக்க வேண்டிய மற்றொரு தீ உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையைச் சேர்ந்த கீழ்வெண்மணியில், இராமையாவின் குடிசைக்குள் உயிருக்கு அஞ்சி ஒதுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியாகச் சற்றுக் கூடுதல் நெல் கேட்டதும் செங்கொடியின்கீழ்ச் சங்கம் கண்டதுமே அந்த ஒடுக்கப்பட்ட மக்கள் செய்த குற்றம். கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.

நீதிமன்றம் முடித்த வழக்கை இலக்கியம் மீண்டும் கையிலெடுத்தது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977-இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. அதனைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் இயக்கிய 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' 1983-இல் திரைக்கு வந்தது. அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதையும் ஈட்டியது.

ஆயினும், பண்ணையாரின் ஆண்மைக்குறையைக் கொடுமையின் ஊற்றாக நாவல் காட்டியதை இடதுசாரித் திறனாய்வாளர் வன்மையாக மறுத்தனர். நிலமும் கூலியும் சாதியும் விளைத்த படுகொலையை ஒருவனது மனக்காயத்துள் அடக்கலாகாது என்பது அவர்தம் வாதம். அவ்வாதம் வலிமையுடையது. எனினும், அகத்தைத் தொடாத கலை வெறும் செய்தியாகிவிடும் என்பதும் உண்மையே.

இந்த முரணுக்குக் கொரியத் திரைப்படங்கள் ஒரு விடை தருகின்றன. 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் இராணுவம் மக்களைச் சுட்டுக் கொன்றது. சாங் சுன்-வூவின் 'ஓர் இதழ்' (1996) அங்கே தாயை இழந்து மனம் பேதலித்த சிறுமியைப் பின்தொடர்கிறது. நாவலாசிரியராயிருந்து இயக்குநரான லீ சாங்-டாங்கின் 'பெப்பர்மின்ட் கேண்டி' (1999), அதே ஊரில் துப்பாக்கி ஏந்திய எளிய சிப்பாய் ஒருவனின் இருபதாண்டு வாழ்வைப் பின்னோக்கிச் சொல்கிறது. இவற்றில் தனிமனிதக் காயம் சமூகக் கொடுமையின் காரணமன்று, அதன் விளைவு. அகமும் புறமும் பகையாகாமல் இணைவது இதனாலேயே.

தமிழிலும் அவ்வழி அடைபட்டதன்று. பாரதி கிருஷ்ணகுமாரின் 'இராமையாவின் குடிசை' என்னும் ஆவணப்படம் உயிர் பிழைத்தோரையே பேசவைத்தது. வெண்மணிக்காக இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாடலின் பெயரே அம்ஷன் குமாரின் 2017-ஆம் ஆண்டுப் படத்துக்குத் தலைப்பாயிற்று. நாவலிலிருந்து திரைக்குச் சென்ற வெண்மணி, பாடலிலிருந்தும் திரைக்குச் சென்றது. தீயிட்டவன் மனத்தை ஆராய்ந்தாயிற்று. தீயில் தாயையும் பிள்ளையையும் பறிகொடுத்து, மறுநாள் அதே வயலில் நின்றவரின் மனத்தை எழுதுவது கவிஞர் முன் எஞ்சியிருக்கும் கடன்.