கரிச்சுவருக்கு வெள்ளை பூசலாமா?

1981 மே 31 இரவு மூட்டிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஏட்டுச்சுவடிகளுக்கோ மறுபதிப்பே இல்லை. பின்னர் அரசு கட்டடத்தைப் புனரமைத்தபோது, கரிபடிந்த சுவருக்கு வெள்ளை பூசுவது குற்றத்தின் தடயத்தை அழிப்பதே என்றனர் பலர். 2003 பெப்ரவரியில் நடக்கவிருந்த திறப்புவிழா எதிர்ப்பினால் நின்றது; மாநகரசபையினர் பதவி விலகினர்.

அந்த ஐயம் நியாயமானதே. ஆனால் நூலகம் அரசு போட்ட பிச்சையல்ல. 1930களில் கே. எம். செல்லப்பா தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுத்ததில் தொடங்கியது அது. எரிந்த மூன்றாம் ஆண்டே, 1984இல், ஒரு பகுதி மீண்டும் வாசகருக்குத் திறந்தது. போர்தான் அதையும் சிதைத்தது. பாழடைந்த சுவரைக் காட்டிப் பிள்ளைகளின் வாசிப்பை மறிப்பது, எரித்தவரின் வேலையை நீடிப்பதாகும். விழா நின்ற பின்னும் நூலகத்தைத் திறந்தது சரியே. தடயம் அழிந்ததென்ற குறைக்கு விடை சுண்ணாம்பில் இல்லை: எரித்தவர் எவரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை.