லயத்துக் காம்பிராவின் காற்று

அந்தி மயங்கும் வேளையிலே, திம்புள்ளை மலைச்சரிவுகளில் லயங்களின் கூரையூடே புகை கசிவதைக் கண்டிராதவர் அரியர். அப்புகையின் வரலாறு கோப்பிக் காலத்திலே தொடங்குகிறது, நேயர்களே. 1869-ல் இலங்கையில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது; தேயிலை வந்தது; லயமோ மாறவில்லை. பன்னிரண்டடிக்குப் பத்தடி அறை. முதுகோடு முதுகொட்டிய இரட்டை லயமாயின் பின்சுவரிற் சாளரத்துக்கு இடமேது? குளிருக்கஞ்சிக் கதவையும் சாத்திவிடுவர். கொழுந்தை நாள்தோறும் நிறுத்தவர்கள், பறித்தவள் சுவாசித்த காற்றை அளக்க நினைக்கவில்லை.

கண்ணைக் கரிக்கும் புகையை யாவரும் அறிவர். நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டை எவர் அறிவார்? பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களிலும் இவ்விடரே இருந்தது. 1890-களில் ஹால்டேன் என்னும் அறிஞர், சிற்றுயிர்களை உடன்கொண்டு செல்லுமாறு கூறினார். கூட்டிலுள்ள கனேரிப் பறவை மயங்கினால் மனிதர் வெளியேறுவர். பாவம், அப்பறவை!

அதன் இடத்தை நிரப்பவல்ல கருவிகளுள் ஒன்றுக்கு 1962-ல் ஜப்பானியர் நவோயோஷி தகுச்சி ஆக்கவுரிமை கோரினார். வெள்ளீய ஒட்சைட்டைச் சூடாக்கினால், காற்றின் ஒட்சிசன் அதன்மேற் படிந்து இலத்திரன்களைப் பற்றும், மின்தடை உயரும். எரியத்தக்க வாயு அவ்வொட்சிசனுடன் கூடினால் இலத்திரன்கள் விடுபடும், தடை தாழும். விரல்நுனியளவுப் பொருள் இத்தனையும் செய்கிறது. ஆயினும் ஈரப்பதன் அதன் கணக்கைப் பிறழச் செய்யும்; பனிமூட்டம் மிகுந்த திம்புள்ளையில் இது சிறு குறையன்று. புகைத்துகளை அளக்க வேறு கருவியும் வேண்டும்.

ஒரு கனமீற்றர் காற்றில், 24 மணி நேரச் சராசரியாக, இவ்வாயு 4 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்தது. அதை அறியக் கருவியைக் கூரையிற் தொங்கவிடுதல் போதாது. அடுப்பூதுபவளின் மூக்கு நிற்கும் உயரத்தில், அவள் மடிக்குழந்தையின் அருகில் வைத்தல் வேண்டும்.