மீன்தொட்டியின் பூர்வ சரித்திரம்

இன்று வீட்டுக் கூடங்களை அலங்கரிக்கும் நன்னீர் மீன்தொட்டியின் சாஸ்திரம், சௌந்தரிய உபாசகர் எவராலும் அல்லாமல், லண்டன் மருந்தாளர் சங்கத்தில் ரசாயன நிபுணராக இருந்த ராபர்ட் வாரிங்டனால் உருப்பெற்றது என்பது சற்று விசித்திரமே. 1849-ல் அவர் 12 காலன் கொள்ளும் பாத்திரத்தில் இரு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ப்பூண்டையும் சேர்த்து வைத்து, மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி கிரகித்துப் பிராணவாயுவைத் திருப்பித் தரும் பரஸ்பர உபகாரத்தால், நீரை மாற்றாமலே ஜீவன்கள் வாழக்கூடுமெனக் காட்ட முற்பட்டார். உதிர்ந்த இலைகள் அழுகி நீர் கெடவே, அவ்வழுகலையே ஆகாரமாகக் கொள்ளும் குளத்து நத்தைகளை உள்ளே விட்டார், நீர் தெளிந்தது. (நத்தைக்கு விஞ்ஞானம் அளித்த கௌரவங்களுள் இது சாமானியமானதன்று.) 1850-ல் இச்சோதனை பிரசுரமாயிற்று; 1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் இல்லமே திறக்கப்பட்டது.

ஆயினும் மீன்கழிவின் அம்மோனியா விஷம் எவ்வாறு நீங்குகிறது என்பது அன்று விளங்கவில்லை. நுண்ணுயிர்கள் அதனை இரண்டு கட்டங்களில் நைட்ரேட்டாக மாற்றுகின்றன என்பதைப் பிற்காலத்தில் மண்ணாராய்ச்சியின் வாயிலாகத் தெளிவுபடுத்தியவர்களுள் வாரிங்டனின் அதே பெயர் கொண்ட குமாரரும் ஒருவர். ஆகவே புதிதாகத் தொட்டி அமைப்போர், அந்நுண்ணுயிர்கள் கூழாங்கற்களில் பெருகச் சில வாரங்கள் அவகாசம் தந்து, அதன் பின்னரே மீன்களைச் சிறிது சிறிதாக விடுவார்களாக.