வாழ்வாற் சாட்சி: ஒல்லாந்தர் காலத்து இலங்கைக் கத்தோலிக்கர் பற்றிய ஒரு நோக்கு

'வேதசாட்சி' என்னுஞ் சொல் தமிழ்க் கிறித்தவ வழக்கிற் சமயத்தின் பொருட்டு உயிர் துறந்தாரையே குறிக்கும். இதற்கு நேரான கிரேக்கச் சொல்லும் முதலிற் 'கண்டதை உரைப்பவன்' என்னும் பொதுப்பொருளையே தந்தது. உரோமப் பேரரசிற் கிறித்தவர் கொடுமைக்குள்ளான பின்னரே 'குருதி சிந்தியவன்' என்னுஞ் சிறப்புப்பொருள் அதற்கு நிலைத்தது. சொல்லின் பொருள் குறுகியமையால் வரலாற்றாசிரியரின் நோக்கும் ஓரளவு குறுகிவிட்டது எனலாம். 1544 இல் மன்னாரிற் கொல்லப்பட்டோர் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. ஒல்லாந்தர் ஆட்சியிற் கொல்லப்படாது, அடுத்த வீட்டார் காணத் தம் சமயத்தை நாடோறும் வாழ்ந்தோர் பற்றி எழுதப்பட்டனவோ மிகச் சிலவே. அவையும் பெரும்பாலும் யோசேப் வாஸ் அடிகளார் என்னும் ஒருவரையே சுற்றி நிற்கின்றன. 1687 இல் அவர் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது அங்கே கத்தோலிக்கர் எஞ்சியிருந்தமை எங்ஙனம் என்னும் வினா அதற்கு முந்தியது.

1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் பெருந்தொகையானோருக்குத் திருமுழுக்கு அளித்தனர். அவர்களுட் பலர் அதிகாரத்துக்கு அஞ்சியும் பதவியை விரும்பியும் மதம் மாறினர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1658 இற் கோட்டை ஒல்லாந்தர் வசமானதும் கத்தோலிக்க குருமார் வெளியேற்றப்பட்டனர். அவ்வாண்டிலேயே, குருமாருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரணதண்டனை விதிக்கும் பிளக்காட்டும் பிறந்தது. கோவில்கள் சீர்திருத்தச் சபைக்குரியனவாயின. ஒவ்வொரு கோவிற்பற்றிலும் பாடசாலை இருந்தது. பிள்ளைகளின் வரவு, திருமுழுக்கு, திருமணம் ஆகியன பள்ளித்தோம்பிற் பதியப்பட்டன. தோம்பிற் பெயர் இல்லாதவனுக்கு முதுசச் சொத்துரிமையை நிறுவுதலும் அரச உத்தியோகம் பெறுதலும் அரிதாயின. வாளினும் எழுதுகோலே இங்குக் கூரிய கருவியாய் விளங்கியது என்பது மனங்கொளத்தக்கது.

இந்நிலையிற் கத்தோலிக்கர் செய்தது யாது? பலர் பிள்ளைகளைப் பாதிரியாரிடம் கொண்டுசென்று பெயர் பதிவித்தனர். வீட்டுக்கு மீண்டு, கதவைச் சாத்திச் செபமாலை சொல்லினர். பகலில் ஒரு சமயமும் இரவில் ஒரு சமயமுமாக அமைந்த இவ்வாழ்வை ஒல்லாந்த அலுவலர் போலித்தனம் என்றனர். 1658 முதல் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பிலிப்பு பால்தேயு பாதிரியாரும், 1672 இல் வெளிவந்த தம் நூலில், இம்மக்களைப் பெயரளவிற் கிறித்தவர் என்றே மதித்தார். சைவ மக்கட்கும் இதே இரட்டை வாழ்வு விதிக்கப்பட்டிருந்தமையால் அவர் கூற்று முற்றும் பிழையன்று. ஆயின் குருவோ திருப்பலியோ இன்றி இருபத்தொன்பது ஆண்டுகள் ஒரு மறையைப் பேணுதல் போலிகளால் இயலுவதன்று. தந்தை சொல்லக் கேட்ட செபத்தை மகனுக்குக் கற்பித்தலும், அகப்பட்டாற் சொத்திழக்க நேரும் எனத் தெரிந்தும் ஒரு சிலுவையைப் பெட்டியடியில் வைத்திருத்தலும் ஆரவாரமற்ற செயல்களே. அச்செயல்களே இக்காலத்துச் சாட்சி. இதனைக் கோழைமை என்பார், தோம்பின் வலிமையை அறியாதார்.

கோவாவிலே பெனோலிம் என்னும் ஊரில் 1651 இற் பிறந்த வாஸ் அடிகளார், கூலியாளின் கோலத்தில், நோயுற்ற உடலினராய் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார். ஒரு பெண் அவருக்குக் கஞ்சி வார்த்து உயிர் காத்தாள் என அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறும். பின்னர் அவர் கழுத்திற் செபமாலை அணிந்து வீடு வீடாக இரந்து சென்றார். அதனைக் கண்டு யாருடைய முகம் மாறுகின்றது என நோக்குவதே அவர் எண்ணம். இவ்வுபாயம் பலித்தமை அவர் மதிநுட்பத்துக்கு மட்டுமன்றி வேறொன்றுக்கும் சான்றாகும்: செபமாலையை அடையாளம் காணும் கண்கள் ஒரு தலைமுறை கடந்தும் அங்கே இருந்தன. சில்லாலை அவருக்கு உறைவிடமாயிற்று. இரவில் திருப்பலி ஒப்புக்கொடுப்பதும், விடியுமுன் அடுத்த ஊருக்கு நடப்பதும் அவர் வழக்கமாயின.

1689 ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்திற் கூடியிருந்த கத்தோலிக்கரை ஒல்லாந்தர் சுற்றிவளைத்தனர். ஏறத்தாழ முந்நூறு பேர் பிடிபட்டனர் என்பர். சீர்திருத்தச் சபையிலிருந்து கத்தோலிக்க மறைக்கு மாறிய ஒருவர் கசையடியால் இறந்தார். வேறு சிலர் கடூழியத்துக்கு ஆளாயினர். அடிகளார் பிடிபடவில்லை. ஒல்லாந்தர் எல்லைக்குள் நிலைத்துப் பணியாற்றுதல் இனி அரிது என்பதை உணர்ந்து புத்தளத்தினூடாகக் கண்டி இராச்சியத்தை நோக்கிச் சென்றார். அங்கும் 1692 இற் போர்த்துக்கேய ஒற்றன் என்னும் ஐயத்தாற் சிறைப்படுத்தப்பட்டார்.

கண்டியில் அவர் நிலைபெற்றமைக்கு அவருடைய போதனை தலையாய காரணமாகத் தோன்றவில்லை. 1697 இல் அங்கே வைசூரி பரவியது. நோயுற்றோரை உறவினரும் காட்டிற் கைவிட்டு ஓடினர். அடிகளாரும் அவருடைய மருமகனான யோசேப் கர்வாலோ அடிகளும் அந்நோயாளருக்குக் கொட்டில்கள் அமைத்து, உணவூட்டி, புண் கழுவி, இறந்தோரை அடக்கஞ் செய்தனர். அவர்களுட் பெரும்பாலார் பௌத்தர். அரக்கான் நாட்டிலிருந்து பிக்குகளை வருவித்து உபசம்பதையைப் புதுப்பித்த இரண்டாம் விமலதர்மசூரியனே அப்போதைய மன்னன். தன் மதத்தில் உறுதிகொண்ட அவ்வரசன் பிறமதக் குருவொருவர் தன் நாட்டில் தடையின்றி உலவ இசைந்தமைக்கு இத்தொண்டு பெருங்காரணமாயிற்று. யாழ்ப்பாணத்திற் சாத்திய கதவுக்குள் நிகழ்ந்த சாட்சி கண்டியிலே திறந்த வெளியில் நிகழ்ந்தது. இரண்டிலும் சொல் குறைவு, செயல் மிகுதி.

1711 ஆம் ஆண்டு சனவரி 16 ஆந் திகதி அடிகளார் கண்டியில் இறந்தார். அவர் ஏற்படுத்திய முறையில், குரு வராத காலங்களில் ஊர் மூப்பரும் அண்ணாவிமாரும் செபம் நடத்தினர். 1705 இல் வந்த சாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் அவர்களுக்கு வேண்டிய நூல்களைச் சிங்களத்திலும் தமிழிலும் யாத்தார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இசையோடு படிக்கப்பட்டு, ஈழத்துத் தமிழ் உரைநடையின் வரலாற்றிலும் இடம்பெறுகின்றது. மொழி வரலாறு ஆராய்வோர் இந்நூலைப் படித்தோரையும் கேட்டோரையும் ஒருங்கே கருத்திற் கொள்ளுதல் நன்று.

1796 இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியது. 1806 இல் ஆங்கில ஆட்சியாளர் கத்தோலிக்கர் மீதிருந்த சட்டத் தடைகளை அகற்றினர். தோம்புகளில் ஆயிரக்கணக்காகப் பதியப்பட்டிருந்த சீர்திருத்தச் சபையினர் விரைவிற் கரைந்து, பெரும்பாலும் சைவத்துக்கே மீண்டனர். கத்தோலிக்கரோ, ஒன்றரை நூற்றாண்டு தடைக்குட்பட்டிருந்தும், தத்தம் ஊர்களிற் கூட்டமாய் வெளிப்பட்டனர். 2015 சனவரி 14 இற் பாப்பரசர் பிரான்சிசு கொழும்பில் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலிலேயே மடுவுக்கும் சென்றார். மடுத் திருத்தலமோ, ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து திருச்சொரூபத்தைச் சுமந்து காடு புகுந்த குடும்பங்களால் உண்டானது என்பது மரபுவழிச் செய்தி. அக்குடும்பத்தாரின் பெயர்களை எந்தப் பள்ளித்தோம்பிலும் தேடிப் பயனில்லை.