குற்றாலம்

குற்றாலம், தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடியில் உள்ள நீராடல் ஊர். திருவனந்தபுரத்திலிருந்து தென்மலை, ஆரியங்காவு, செங்கோட்டை வழியாகச் சாலையில் 100 கி.மீ.க்குச் சற்று அதிகம். ஐரோப்பிய நீராடல் ஊர்களைப் போல இங்கே வெந்நீர் ஊற்றோ கனிம ஊற்றோ இல்லை. எல்லாமே மழை செய்யும் வைத்தியம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்து தூவும் மெல்லிய மழைக்குச் 'சாரல்' என்று பெயர். ஜூன் முதல் செப்டம்பர் வரை சீசன். மழை பொய்த்தால் வெறும் பாறையைத்தான் பார்த்துத் திரும்ப வேண்டும்.

பேரருவி, உச்சியிலிருந்து நேராகத் தலையில் விழுவதில்லை. இடையிலுள்ள பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து பொங்கி வழிகிறது. அதன் கீழே நின்று குளிக்க முடிவது இதனால்தான். ஐந்து பிரிவாக இறங்கும் ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி ஆகியவற்றிலும் குளிக்கலாம். செண்பகாதேவி அருவியும் தேனருவியும் மலைமேல், காட்டுக்குள் உள்ளன. எண்ணெய் தேய்த்துக் குளிப்பது பழைய வழக்கம். இப்போது அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ மூன்றுக்கும் நீதிமன்றத் தடை உண்டு. வெள்ளம் வந்தால் குளிக்க விடமாட்டார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்ததை நினைத்தால், வெள்ளக் காலத் தடையை யாரும் குறைசொல்ல முடியாது.

பேரருவிக்கு அருகே, சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயில். தலமரம் குறும்பலா. அகத்தியர் திருமாலின் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்பது தலபுராணம். அதனால் வந்த தலைவலி தீர இன்றும் மூலவருக்கு மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள். சாமிக்கே வைத்தியம் நடக்கும் ஊர். தனியே நிற்கும் சித்திரசபை, நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. இங்கே அவர் சிலையாக அல்ல, ஓவியமாக ஆடுகிறார். அருவிக்கு ஒரு நாள் என்றால் இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும், பலர் ஒதுக்குவதில்லை.

மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடிய 'திருக்குற்றாலக் குறவஞ்சி'யால் இலக்கியத்திலும் ஊருக்கு இடமுண்டு. இலக்கியத் திறனாய்வாளர் ரசிகமணி டி.கே.சி. (1882–1954) இங்கே வாழ்ந்து, கம்பனைப் பேசிப் பேசியே விருந்தினரை ஈர்த்தார். திருவிதாங்கூர் அரச குடும்பமும் இங்கே ஓர் அரண்மனை கட்டிக்கொண்டது. அது இன்று கேரள அரசின் சொத்து.

சீசனில் கடைகளில் ரம்புட்டான், மங்குஸ்தான். குளித்த பசிக்கு அருகிலுள்ள பிரானூரின் 'பார்டர்' புரோட்டா, நாட்டுக்கோழி.